அடியில் வைத்த கனம்

பட்டாளப் பை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பச்சையா, காக்கியா, இலை இலையாகப் போட்டதா என்று. பிறகு எத்தனை அறை என்று எண்ணுவார்கள். அப்புறம் முதுகில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிற்பார்கள். எங்கள் அப்பா தக்கலையில் இந்தக் கடையைத் தொடங்கியபோது சுவரில் ஏற்றிய முதல் சாமான் அந்தக் கண்ணாடிதான். பையை விற்பது கண்ணாடி. நாங்கள் பணத்தை வாங்கிப் போடுகிறவர்கள், அவ்வளவே.

உண்மையில் பையை முதலில் மூக்கால் பார்க்க வேண்டும். உள்ளே தலையை விட்டு முகர்ந்தால் பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறதா, எடுக்கலாம். ஒழுங்கான கிடங்கில் கிடந்த பை. உள்பூச்சு புளித்த வாசம் அடித்தால் கீழே வைத்துவிட வேண்டும். முதல் மழையிலேயே அது இளகி, சோற்றுப் பொட்டலத்தோடு உறவு கொண்டாடிவிடும். அடுத்தது கை. தோள்வார் பையோடு சேரும் இடத்தைப் பிடித்துக் கோபத்தோடு இழுக்க வேண்டும். கண்ணுக்கு வேலை கடைசியில்தான். இதை நான் வாடிக்கையாளர் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பாதிப் பை ஆணியிலேயே தொங்கும்.

பட்டாளத்தில் கழித்த சாமான்களை ஏலம் எடுக்கும் வடக்கத்தி வியாபாரிகள் கட்டுக்கட்டாக லாரியில் அனுப்புவார்கள். பிரித்தால் பட்டாளத்தைப் பார்த்த பையும் இருக்கும், பட்டாளத்தை ரயிலில்கூடப் பார்க்காத பையும் இருக்கும். இரண்டாவது வகையைப் புதிதாகத் தைத்து, மண்ணில் புரட்டி, வெயிலில் போட்டுப் பழசாக்க அங்கே தனி ஆட்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு ரிட்டயர்டு மிலிட்டரி. சாயங்காலமானால் கடைக்கு வந்து, இது இன்ன வருஷத்துப் பை, இதில் கனத்தை இங்கே வைக்க வேண்டும், படுக்கையை அங்கே கட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லி, என் செலவில் சாயா குடித்துவிட்டுப் போவார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கியதில்லை. வாங்குகிறவர்கள் குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுக்காரர்களும், சபரிமலைக்குப் போகிறவர்களும், மலையேற்றம் என்று கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளும்தான்.

வியாபாரம் இரண்டு பேரால் நடந்தது. நான் விலை சொல்வேன். வந்தவர் பாதிக்குக் கேட்பார். நான் பையை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டுவேன். அப்போது கல்லாவில் இருக்கும் என் மனைவி முத்துக்கனி, தலையைத் தூக்காமல், "பாவம், தூரத்துல இருந்து வந்திருக்காவ. பாத்துக் குடுங்க" என்பாள். நான் அவளை முறைப்பேன். அவள் ஒரு விலை சொல்வாள். கடைக்காரனை அவன் பெண்டாட்டியைக் கொண்டே தோற்கடித்தோம் என்கிற நிறைவோடு வந்தவர் பணத்தை எடுப்பார். அவள் சொன்ன விலை, காலையில் கடை திறக்கும்போதே நாங்கள் இருவரும் பேசி வைத்ததாக இருக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து இந்த ஆட்டத்தில் ஒரு அடி பிசகியதில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆனி மாதம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் முத்துக்கனி இறந்தாள். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். வடக்குப் பார்த்து உட்கார வைத்து அடக்கினோம். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்பதே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, பனியனைத் திருப்பிப் போட்டிருப்பது மத்தியானம் தெரிகிற மாதிரி. கடையைத் திறந்தேன். ஒருவர் வந்தார். விலை சொன்னேன். பாதிக்குக் கேட்டார். பையை ஆணியில் மாட்டிவிட்டு, கல்லாப் பக்கமிருந்து வர வேண்டிய பேச்சுக்காக நின்றேன். அவரும் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நானே, "பாவம், தூரத்துல இருந்து வந்திருக்கீரு" என்று சொல்லி, அவளுடைய விலையையும் நானே சொன்னேன். அவர் வீடு எதிர்ச் சந்தில் இருந்தது.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. விலை சொன்ன வாயாலேயே குறைத்தேன். சில நாள் அவர்கள் கேட்பதற்கு முன்பே குறைத்தேன். பக்கத்துக் கடை ஞானதாசன் குடையும் மழைக்கோட்டும் விற்கிறவன்; என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. என்னிடம் வாங்கிவிட்டு நேராக அவனிடம் போய், பக்கத்தில் கேட்காமலே குறைக்கிறார்கள் என்று சொல்கிறார்களாம்.

"ஏலே பெருமாளு, நீ கடை நடத்துதியா, தர்மச் சோறு போடுதியா? செத்தது ஒனக்க பெண்டாட்டி. எனக்க வியாபாரம் எதுக்குடே சாவணும்?"

வேறொரு காலத்தில் இதற்கு நான் பதில் வைத்திருப்பேன். அப்போது, சரி என்றேன். சரி என்று சொன்னது அவனை இன்னும் வருத்தியது.

அடுத்த தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், லீமா தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டிக்கொண்டு என்பது சரியான சொல் இல்லை. பஸ்ஸிலிருந்து இறக்கிய மூட்டையைப் போல அவனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மரியஜான் என்று பெயர். கடலில் வெந்த கறுப்பு, அகலமான தோள். கண்ணாடி அத்தனை பக்கத்தில் இருந்தும் அதைத் திரும்பிப் பார்க்காத முதல் ஆள் அவன்தான்.

லீமா மணவாளக்குறிச்சிச் சந்தையில் மீன் விற்கிறவள். நின்ற வாக்கிலேயே முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். ரிப்பேரான கிரைண்டரைப் பற்றி மெக்கானிக்கிடம் சொல்வது போல, அவனை வைத்துக்கொண்டே சொன்னாள். ஒகி புயல் அடித்தபோது அவனும் அவன் தம்பி கிளீட்டஸும் ஒரே வள்ளத்தில் இருந்தார்கள். வள்ளம் கவிழ்ந்தது. இவனை யாரோ கப்பல்காரர்கள் தூக்கினார்கள். தம்பி கிடைக்கவில்லை. வருஷம் ஒன்று கழிந்துவிட்டது. இவன் கடலுக்குப் போகவில்லை. அதைக்கூட அவள் குறையாகச் சொல்லவில்லை. ஐஸ் பிளாண்டில் வேலைக்கு விட்டாள், மத்தியானம் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கொத்தனாரோடு அனுப்பினாள், சிமெண்ட் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், அவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாவது படிக்கும் மகள் ஜெனிலா ஏதாவது கேட்டால் அவளைப் பார்க்கிறான், பதில் மட்டும் வருவதில்லை.

இப்போது மூன்றாவது வேலை. அவளுடைய சித்தி மகன் பிரைட்டன் குலசேகரத்தில் ஜீப் ஓட்டுகிறான். கோதையாறுக்கு மேலே காட்டில் மரங்களைக் கணக்கெடுக்கும் கல்லூரிக் கூட்டத்துக்குச் சாமான் சுமக்க ஆள் வேண்டுமாம். பை மட்டும் சுமப்பவனுடையதாக இருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஜீப். முதல் தடவை போய் வந்து, ஆள் சரி என்றால் மழைக்காலம் வரை வேலை.

"இதுவும் ஆவல்லன்னா நான் குவைத்துக்குப் போறேன் அண்ணாச்சி. வீட்டு வேலைக்கு அண்ணன் விசா எடுத்து வெச்சிருக்கான். திருவனந்தபுரத்துல மெடிக்கலுக்கு நாளும் குறிச்சாச்சு. போனா ரெண்டு வருசம். பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போவேன், இந்தச் செவருகிட்டயா?"

சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பையை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் எடுத்துக் கொடுத்த எதுவும் அவன் கையில் நின்றதில்லையாம்.

மூன்று பைகளை இறக்கி வைத்தேன். ஒன்று தடித்த கான்வாஸ்; எப்பேர்ப்பட்ட முள்ளுக்கும் கிழியாது, ஆனால் நனைந்தால் பையே ஒரு ஆள் கனம் வரும். இன்னொன்று நைலான், வயிறு பெரிது, அறைகள் நிறைய. கல்லூரிப் பையன்களுக்குப் பிடித்தது. மூன்றாவது, முதுகுப் பக்கம் அலுமினியச் சட்டம் வைத்தது, இடுப்பில் கட்ட அகலமான வார் உள்ளது. நிஜமாகவே பட்டாளத்திலிருந்து வந்தது. பார்க்க அழகில்லாததால் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எது வேண்டும் என்று கேட்டேன்.

"ஏதோ ஒண்ணு."

எங்கள் கடையில் பையைப் பரிசோதிக்க ஒரு முறை இருக்கிறது. அப்பா ஏற்படுத்தியது. ஒரு சிறிய சாக்கில் தாது கலந்த கடற்கரைக் கறுப்பு மணல் கட்டி வைத்திருப்போம். பார்க்க ரெண்டு படி அரிசி போல இருக்கும், தூக்கினால் கை தோளிலிருந்து இறங்கும். அதைப் பைக்குள் அடியில் போட்டு, வாங்குகிறவரை மாட்டிக்கொண்டு மாடிக் கிடங்குக்கு ஏறி இறங்கச் சொல்வோம். அடித்தையல் விடவில்லை பார்த்தீர்களா என்போம். படி செங்குத்தானது. ஏறி இறங்கியவர் இறங்கும்போதே மலைக்குப் போய்விட்டு வந்தவர் போல ஆகிவிடுவார், விலையில் பாதி பேரம் அங்கேயே கரைந்துவிடும். அப்பாவும் மலை ஏறியதில்லை, நானும் ஏறியதில்லை. நான் ஏறிய உயரம் அந்தக் கிடங்குப் படிதான்.

சாக்கை அவிழ்த்துக் காட்டியபோது லீமா விரலால் தொட்டு, இது எங்க ஊர் மண்ணல்லவா என்றாள். மரியஜான் பார்க்கவில்லை. மூன்று பைகளையும் ஒவ்வொன்றாக மாட்டினேன். மூன்று முறையும் ஏறி இறங்கினான். எது தோளை அறுக்கிறது, எது முதுகில் குத்துகிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை அசைத்தான். கான்வாஸ் பையின் கொக்கி நிச்சயமாகக் குத்தும். அது எனக்குத் தெரியும். குத்துகிறது என்று சொல்லாத ஆளுக்குப் பை விற்பது சிரமம். கடைசியில் நான்தான் சட்டம் வைத்த பையை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதன் வாரைப் பிடித்துக்கொண்டான். தேர்வு முடிந்தது என்று லீமா எடுத்துக்கொண்டாள்.

விலை கேட்டாள். சொன்னேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். இனி ஒரு அரைமணி நேரம் சண்டை நடக்கும், அதைப் புருஷன் பார்ப்பான், பார்த்து ஒரு வார்த்தையாவது உதவிக்குச் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் கேட்பதற்கு முன் அவனைத்தான் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாதிக்கும் கீழே கேட்டாள்.

"பாவம், தூரத்துல இருந்து வந்திருக்கீய. எடுத்துக்கோங்க" என்றேன் நான்.

கேட்டது கிடைத்தவளின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கவிழ்த்தாள். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் தடவினாள். கிழிசல் எங்கே என்று கேட்டாள். கிழிசல் இல்லை என்றேன். அப்படியென்றால் இன்னும் குறைக்க முடியுமா என்று, பொறி வைப்பது போல, இன்னொரு விலை கேட்டாள். அதற்கும் சரி என்றேன்.

"அண்ணாச்சி, நான் மீன் விக்கிறவளாக்கும். சீஞ்சு நாறுன மீனத்தான் நாங்க இப்பிடிக் குடுப்போம்."

பையைக் கீழே வைத்துவிட்டு, புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவன் இறங்கும்போதும் பையின் வாரைப் பிடித்திருந்தான். அவள் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அவர்கள் பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பைதான் இருந்திருக்கிறது, பூனைப் படம் போட்டது. வெயில் ஏறியபின் அவனோடு திரும்பி வந்தாள். வந்தவள் என் கடைக்குள் வராமல் ஞானதாசன் கடை வாசலில் நின்று, இந்த ஆள் எப்படி, சாமான் எப்படி என்று விசாரித்தாள். சந்தையில் பழகியவர்கள் இப்படித்தான் செய்வார்கள். ஞானதாசனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்க முடியாது.

"பை நல்ல பையாக்கும், எனக்கு வேணும்னு நெனச்சிருந்தேன். ஆளுதான் சீஞ்சு போனான். அந்தச் சவத்துக்குப் பெண்டாட்டி செத்ததுல இருந்து விலை நிக்கல்ல" என்றான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான்.

லீமா உள்ளே வந்தாள். கல்லாவில் முத்துக்கனி போட்டிருந்த மெத்தை நாற்காலியில் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. நான் எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது என்றும் நினைக்கவில்லை. லீமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, அவளுக்கே உரிய சந்தைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா இருந்தா இத என்ன விலைக்குத் தருவாவ?"

சொன்னேன். அந்தப் பைக்கு நாங்கள் இருவரும் பேசி வைத்த விலை எனக்கு மறக்கவில்லை. அவள் ஒரு பைசா குறைக்காமல் அதையே எடுத்து வைத்தாள். பில்லில் இருந்த போன் நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டாள். மரியஜான் பையை மாட்டிக்கொண்டு போனான். கண்ணாடியை அப்போதும் பார்க்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மரியஜான் தனியாக வந்தான். பை முதுகில் இல்லை. கையில் பிடித்துத் தொங்கவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே கொண்டு வந்திருந்தான். முழங்கையில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. பையைக் கவுண்டர் மேல் வைத்தான். காட்டில் சுமந்தது போலவே அடுக்கி, பையை நிறைத்திருந்தான்.

"பின்னால இழுக்குது" என்றான்.

அவன் என்னிடம் இரண்டாவதாகப் பேசிய பேச்சு அது. சுவர்ப் போர்டில் எழுதியிருந்ததை விரலால் காட்டினேன்: விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது. அவன் அதைப் படித்தான். படித்துவிட்டு அங்கேயே நின்றான். அதனால் கேட்க வேண்டியதாயிற்று. கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாக வந்தது. முதல் ஏற்றத்திலேயே பை அவனைப் பின்னால் சாய்த்திருக்கிறது. குனிந்து குனிந்து நடந்திருக்கிறான். பாறை ஒன்றில் கால் வைத்து ஏறும்போது மல்லாக்க விழுந்துவிட்டான். சாமானில் பாதியை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைவியான அபிதா மேடம் அவனைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஜீப் திரும்பப் போகிறது, விழாமல் சுமக்க முடிந்தால் வரட்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்திருக்கிறேன் என்று பிரைட்டனிடம் சொல்லிவிட்டாள். லீமாவுக்கு மெடிக்கல் வியாழக்கிழமை.

"அவ துணி எடுத்து வெச்சாச்சு" என்றான். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல இருந்தது.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மேலே கம்பளி. அதன் கீழே தார்ப்பாய். அப்புறம் துணி. அதன் கீழே, அடியோடு அடியாக, அரிசி, பருப்பு, எண்ணெய் கேன், இரும்புச் சட்டி, கூடாரத்து ஆணிகள். அடுக்கிய அழகைப் பார்த்தால் எடுக்க மனம் வராது. ஒரு இஞ்ச் சந்து இல்லை. ஆட்டினால் சத்தம் இல்லை.

"கனத்த எல்லாம் அடியில வெச்சிருக்கீரு."

"பின்ன? வள்ளத்துல மேலயா வெப்பாவ?" என்றான். பிறகு, "நீரும் அடியிலதானே வெச்சீரு, அந்த மண்ண" என்றான்.

உண்மைதான். அடியில்தான் வைத்தேன். அப்பாவும் அடியில்தான் வைத்தார். எங்கள் கடையில் விற்ற ஒவ்வொரு பைக்கும் முதல் பாரத்தை நாங்கள்தான் ஏற்றிக் காட்டினோம், தப்பான இடத்தில். ரிட்டயர்டு மிலிட்டரிகள் ஓசிச் சாயாவோடு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் என் காதில் விழுந்தது. கனத்தைத் தோளுக்கு நேரே, முதுகை ஒட்டி வை. அடியில் மெத்தென்று படுக்கையை வை. அவர்கள் விலை கேட்கவில்லை என்பதால் நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

கம்பளியை அடியில் போட்டேன். அதன்மேல் துணி. அரிசியைத் தூக்கிச் சட்டத்தை ஒட்டி மேலே வைக்கப் போனேன். மரியஜான் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். நல்ல பிடி.

"மேல கனம் வெச்சா கவுந்துரும்."

"இது வள்ளம் இல்ல வே. பை."

அவன் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல், திறந்து கிடந்த பையின் வாயைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கவுந்தப்ப அடி மேல வந்துது. அதுலதான் நாங்க கெடந்தோம், நானும் அவனும். பகல் பூரா அவன் இருந்தான். பேசிக்கிட்டே இருந்தான், வாய் ஓயாது அவனுக்கு. பொறவு நான் ஒறங்கிட்டேன். முழிச்சப்ப அடி மட்டும் இருந்துது."

ஞானதாசன் வாசலில் ஒரு குடையைப் பிடித்தபடி வந்து நின்றிருந்தான். விரிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. முத்துக்கனி போன இரவு நானும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உறங்கிவிட்டேன். நர்ஸ் தட்டி எழுப்பித்தான் சொன்னாள். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்கே வேறு யாரோ சொன்ன சங்கதி மாதிரி இருந்தது. அரிசி மூட்டையைப் பிடித்தபடி நான் நிற்க, என் கையைப் பிடித்தபடி அவன் நின்றான்.

"படி அங்ஙன இருக்கு," என்றேன். "ஒருக்க ஏறிப் பாரும். விழுந்தா நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். போர்ட அழிச்சிருதேன்."

கையை எடுத்தான். நானே அடுக்கினேன், அவன் அடுக்கிய அழகு வரவில்லை. அரிசி, எண்ணெய், சட்டி எல்லாம் தோளுக்கு நேரே போயின. இடுப்பு வாரை இறுக்கினேன். பார்ப்பதற்குப் பயமாகத்தான் இருந்தது, தலைக்கனத்தில் இப்போதே குப்புற விழுவான் போல. அவன் படியில் கால் வைத்தான். இரண்டாவது படியில் நின்றான். கையால் சுவரைத் தொட்டான், பிறகு சுவரை விட்டுவிட்டான். மேலே கிடங்கில் அவன் நடக்கும் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கேட்டது. நிதானமாக இறங்கினான். உடனே திரும்பி இன்னொரு முறை ஏறினான், நான் சொல்லவில்லை. மூன்றாவது முறை இறங்கியபோது கண்ணாடிக்கு முன்னால் நின்று, பக்கவாட்டில் திரும்பி, பை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தான்.

"செரி" என்றான்.

நான் கவுண்டரைத் துடைத்தேன். வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் போகவில்லை.

"தப்பாக் காட்டித் தந்ததுக்கு என்ன தருவீரு?"

"என்னது?"

"நான் விழுந்தேன். எனக்க கை போச்சு. ஒமக்க மண்ணுனாலதானே? வெலயில கொறச்சுத் தாரும்."

விற்று, பணம் வாங்கி, இத்தனை நாள் காட்டில் கிடந்த பைக்கு விலை குறைக்கச் சொல்லி என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் அவர் செருப்பைத் தேடியிருப்பார். முடியாது என்றேன். முடியும் என்றான். சட்டத்தில் ஒரு இடத்தில் ஒடுங்கியிருப்பதைக் காட்டினான். அது நீர் விழுந்ததால் ஒடுங்கியது என்றேன். நான் விழுந்தது உம்மால் என்று அங்கேயே வந்து நின்றான். வாரின் தையலைக் காட்டி, இந்த நூல் நனைந்தால் எத்தனை நாள் நிற்கும் என்று வலைக்காரனின் கேள்வி ஒன்று கேட்டான். வேறு நூலில் தைத்துக்கொள்ளும் என்றேன். அப்படியானால் நூல் கூலி தாரும் என்றான். குரல் ஏறியது. இரண்டு பேர் தெருவில் நின்று பார்த்தார்கள். ஞானதாசன் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் எனக்கும் சேரவில்லை, மரியஜானுக்கும் சேரவில்லை. கண்கள் மட்டும் அங்கும் இங்கும் போயின.

நான் வழக்கம் போல ஒரு இடத்தில் நின்றேன். கல்லாப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. அவளுடைய வாசகம் என் வாய்வரை வந்தது. அவன் ஊர் சின்னவிளை ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. குறைக்கவில்லை.

மரியஜானின் போன் அடித்தது. எடுத்து, "வியாவாரம் முடியல்ல, வெச்சிரு" என்று சொல்லிச் சட்டைப்பைக்குள் போட்டான். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தான். முதல்முறை வந்தபோது எதையும் பார்க்காத கண்கள், இப்போது அலமாரி அலமாரியாகப் போய், மேல்தட்டில் துணி உறையோடு இருந்த தண்ணீர்க் குப்பியில் நின்றன. அலுமினியக் குப்பி. பட்டாளத்தை நிஜமாகவே பார்த்தது.

"அதத் தாரும். வெல பேச்ச விட்டுருவோம்."

பிளாஸ்டிக் குப்பி தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். உறை இல்லாமல் தருகிறேன் என்றேன். உறையோடு என்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஞானதாசன் இடையில் மூன்று சாயா சொல்லி, அதற்கான காசை என் கணக்கில் எழுதச் சொன்னான். கடைசியில் குப்பி போயிற்று, உறையோடு. அவன் அதைப் பையின் பக்கவாட்டில் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கி, பையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு இறங்கினான். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்த ஆள் எதற்குச் சொல்வான்?

சாயங்காலம் லீமா கூப்பிட்டாள். பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது.

"அண்ணாச்சி, இவரு போன எடுத்தாரு, வெச்சிருன்னு சொல்லி வெச்சுட்டாரு. அங்ஙன வந்தாரா?"

"வந்தாரு."

"பேசினாரா?"

"பேசினாரு. எனக்கு ஒரு தண்ணிக் குப்பி போச்சு."

யாரோ அயிலை மீன் என்ன விலை என்று கேட்பதும், அவள் அதற்குப் பதில் சொல்லாததும் கேட்டது.

"பிளாஸ்டிக்கா, அலுமினியமா?"

"அலுமினியம். உறையோட."

பிறகு, சந்தையில் விலையை முடிக்கிறவர்கள் சொல்வார்களே, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள்.

"அப்ப வியாழக்கிழம நான் போவல்ல."

போனை வைத்துவிட்டாள். அயிலை விலை கேட்டவருக்கு அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

நான் மேல்தட்டில் குப்பி இருந்த இடத்தைப் பார்த்தேன். தூசியில் வட்டமாக அதன் அடி பதிந்திருந்தது. அந்த மாதிரி இனி வராது. கட்டுக்கு ஒன்று வந்தாலே பெரிது. உறையாவது பிடித்து வைத்திருக்கலாம். பிளாஸ்டிக்கோடு ஒரு கயிறும் சேர்த்துத் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவன் அலுமினியத்தைப் பார்த்தேயிருக்க மாட்டான். கடை அடைக்கும்வரை அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.